டிக் டிக் சத்தமும் ஓட்டை விழுந்த டேங்க்கும்

உங்ககிட்ட பிஎஸ்6 பைக்கோ ஸ்கூட்டரோ இருந்தா, நாளைக்குக் காலையில் ஒண்ணு பண்ணிப் பாருங்க. சாவியைத் திருப்பிட்டு உடனே ஸ்டார்ட் பண்ணாதீங்க. ரெண்டு செகண்ட் காதை வைங்க. "ம்ம்ம்"னு ஒரு சத்தம் வந்து நின்னுடும். அதுதான் ஃபியூயல் பம்ப். டேங்க்கில் இருக்கிற பெட்ரோலை என்ஜினுக்குத் தள்ளுற சின்ன மோட்டார். (நம்ம ஊர் பெட்ரோல் பங்க் இல்லைங்க, அது வேற.)

இன்னைக்கு எபிசோடு அந்தப் பம்போட தாத்தாவைப் பத்தினது. அது "ம்ம்ம்"னு சொல்லாது. "டிக், டிக், டிக்"னு சொல்லும். நான் அதை முதல் தடவை கேட்டது 2021-ல், இங்கிலாந்தில், ஆபிங்டன் என்கிற சின்ன ஊரில்.

ஃபுல் டேங்க் போட்ட நாள்

நான் அப்போது ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்தேன். அங்கே வாடகை கட்டுப்படியாகாமல், பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருந்த ஆபிங்டனில் ஒரு பெரியவர் வீட்டில் ரூம் எடுத்திருந்தேன். அவருக்கு எழுபத்தைந்து வயதுக்கு மேல். இரண்டு காதிலும் மெஷின். கராஜில் தார்ப்பாய் போட்டு மூடின ஒரு கார். 1967-ல் தயாரான எம்ஜிபி.

எம்ஜிபி தெரியாதவர்களுக்கு: 1962-ல் வந்த, மேல்கூரையைத் திறந்து மடக்கக்கூடிய இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். பெரிய பணக்காரர்களுக்கான கார் கிடையாது. டீச்சர், நர்ஸ், கிளார்க் எல்லாம் வாங்கி ஓட்டின கார். 1980 வரைக்கும் 5 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள், பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது. அது எல்லாம் செய்யப்பட்ட இடம் இந்த ஆபிங்டன்தான். 1929-லிருந்து எம்ஜி ஃபேக்டரி அங்கே இருந்தது. 1980 அக்டோபரில் மூடிவிட்டார்கள். எங்க வீட்டுக்காரர் மூடுற வரைக்கும் அங்கே வேலை பார்த்தவர்.

2021 செப்டம்பர் கடைசியில் பிரிட்டனில் பெட்ரோலுக்கு அடிதடி ஆனது ஞாபகம் இருக்கலாம். லாரி ஓட்ட ஆள் இல்லை, பங்க்குகளுக்கு சப்ளை வரவில்லை, எல்லோரும் பயந்துபோய் வரிசையில் நின்றார்கள். பெரியவரும் போனார். லாக்டவுனில் ஒன்றரை வருஷம் நின்றிருந்த எம்ஜிபியை எப்படியோ கிளப்பி, வரிசையில் நின்று, ஃபுல் டேங்க் போட்டுக்கொண்டு வந்தார். அந்த மாடல் டேங்க் 12 கேலன், ஏறக்குறைய 54 லிட்டர்.

மறுநாள் கராஜ் முழுக்க பெட்ரோல் வாடை. சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பவும் இல்லை.

அன்றைக்கு அவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்ட ஒரே கேள்வி: "சத்தம் வருதா?"

எனக்குப் புரியவில்லை. என்ன சத்தம்? "டிக் டிக்குனு வரணும். எனக்கு இப்போ கேக்குறதில்லை. நீ கேட்டுச் சொல்லு" என்றார். காரின் அடியில், வலது பின் சக்கரத்துக்கு முன்னால் கையைக் காட்டினார். நான் சிமெண்ட் தரையில் படுத்துக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை.

செருப்புக் கடைக்காரர் மகன்

அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள, நூறு வருஷம் பின்னால் போகணும்.

பெட்ரோலை டேங்க்கிலிருந்து என்ஜினுக்குக் கொண்டுபோவது பெரிய விஷயமா என்று தோணும். ஆரம்பத்தில் புவியீர்ப்புதான் அந்த வேலையைப் பார்த்தது. ஃபோர்டு மாடல் டி காரில் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில். அங்கிருந்து பெட்ரோல் தானாக வழிந்து என்ஜினுக்குப் போகும். ஆனால் டேங்க்கில் கொஞ்சம்தான் இருக்கு, மேடும் செங்குத்து என்றால், என்ஜின் டேங்க்கைவிட உயரத்துக்குப் போய்விடும். அதனால் சில மேடுகளை ரிவர்ஸ் கியரில் ஏறினார்கள். நிஜமாகவே.

விலை உயர்ந்த கார்கள் சிலவற்றில் டிரைவர் கையால் காற்றடித்து, டேங்க்குக்குள் அழுத்தம் ஏற்றினார். இன்னொரு வழி, என்ஜின் உறிஞ்சும் வெற்றிடத்தை வைத்தே பெட்ரோலை இழுப்பது. அதிலும் சிக்கல். நீளமான மேட்டில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் வெற்றிடம் குறைந்துவிடும். வண்டிக்குப் பெட்ரோல் அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் அது வராது.

அப்புறம் என்ஜினோடு சேர்ந்து ஓடும் மெக்கானிக்கல் பம்ப் வந்தது. அது என்ஜினில் ஒட்டிக்கொண்டிருப்பதால் சூடாகும். சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும். ஆவியைப் பம்பால் தள்ள முடியாது. இதுக்குப் பேர் வேப்பர் லாக். நம்ம ஊர் மலைப்பாதையில் பழைய கார் நின்றால், டிரைவர் பானெட்டைத் திறந்து பம்ப் மேல் ஈரத்துணி போடுவார் என்று உங்க அப்பாவோ தாத்தாவோ சொல்லியிருப்பாங்க. அது இதுதான்.

கரண்ட்டில் ஓடும் பம்ப் என்றால் அதை என்ஜினில் மாட்டவேண்டியதில்லை. சூடு படாத இடத்தில், டேங்க்குக்குப் பக்கத்திலேயே வைக்கலாம். 1930களின் தொடக்கத்தில் பிரிட்டனில் இதைப் பரவலாக்கியது எஸ்யூ கம்பெனி. எஸ்யூ என்றால் ஸ்கின்னர்ஸ் யூனியன். ஸ்கின்னர் சகோதரர்கள் ஆரம்பித்தது, 1910-ல் கம்பெனியாகப் பதிவானது. இந்தக் குடும்பத்தின் தொழில் என்ன தெரியுமா? செருப்பு, ஷூ. லில்லி அண்ட் ஸ்கின்னர் என்ற லண்டன் ஷூ வியாபாரக் குடும்பம். மூத்தவர் ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர் செய்த முதல் கார்புரேட்டர்களில் தோலால் செய்த துருத்தி இருந்தது. கையில் இருந்த பொருளை வைத்துத்தானே எவரும் ஆரம்பிப்பார்கள்.

1926-ல் எஸ்யூவை வில்லியம் மோரிஸ் வாங்கினார். எம்ஜி என்ற பெயரே அவருடைய மோரிஸ் கராஜஸ் என்பதிலிருந்து வந்ததுதான். அதனால் எம்ஜி கார்களில் கார்புரேட்டரும் எஸ்யூ, பம்பும் எஸ்யூ.

டிக் எங்கே இருந்து வருது?

பேட்டரியைக் கழற்றிவிட்டு, பெரியவர் பம்பை வெளியே எடுத்தார். இரண்டு கைக்குள் அடங்கும் சைஸ். ஒருபக்கம் உலோகம், மறுபக்கம் கறுப்பு மூடி. அவர் பிரித்துக் காட்டியதை நான் சொல்கிறேன், மனசில் படம் போட்டுக்கோங்க.

உள்ளே ஒரு காந்தச் சுருள். கரண்ட் போனால் அது ஒரு இரும்புத் தட்டை இழுக்கும். அந்தத் தட்டோடு சேர்ந்து ஒரு ரப்பர் கலந்த சவ்வு நகரும். சவ்வு பின்னால் போனதும் பெட்ரோல் உள்ளே வரும். தட்டு முழுக்க வந்ததும் ஒரு சின்ன ஸ்விட்ச்சைத் தட்டிவிடும், அதுதான் பாயிண்ட். கரண்ட் நின்றுவிடும். உடனே ஒரு ஸ்பிரிங் சவ்வை முன்னால் தள்ளும். பெட்ரோல் என்ஜினுக்குப் போகும். முன்னால் வந்து முடிந்ததும் பாயிண்ட் மறுபடி சேரும். இந்தத் தட்டலின் சத்தம்தான் டிக்.

கவனிச்சீங்களா? கரண்ட் இழுக்க மட்டும்தான் செய்யுது. தள்ளுறது ஸ்பிரிங். கார்புரேட்டர் கிண்ணம் நிரம்பி அதன் வாசல் மூடிவிட்டால், பெட்ரோலுக்குப் போக வழியில்லை. ஸ்பிரிங் அப்படியே காத்திருக்கும். பம்ப் தானாக நின்றுவிடும். கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை. அழுத்தமும் குறைவு, சுமார் 3 பிஎஸ்ஐ. கார் டயரில் நாம் அடிப்பது 30-க்குப் பக்கம்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது. அந்த டிக் சத்தத்தை யாரும் சிக்னலாக டிசைன் செய்யவில்லை. மெஷின் வேலை செய்யும்போது வரும் சத்தம், அவ்வளவுதான். ஆனால் ஓட்டினவர்கள் அதைப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். வேகமா டிக்கி நின்றால் எல்லாம் சரி. நிற்காமல் படபடவென்று அடித்தால் டேங்க் காலி, இல்லையென்றால் குழாயில் எங்கேயோ காற்று உள்ளே வருது. என்ஜின் ஓடாதபோதும் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை ஒரே ஒரு டிக் என்றால், எங்கேயோ கசிவு. சத்தமே இல்லையென்றால் கரண்ட் வரவில்லை, அல்லது பாயிண்ட் கெட்டுப்போச்சு.

எங்க பம்பில் பாயிண்ட்தான். கறுத்துப் போயிருந்தது. கரண்ட்டை வெட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரு சின்ன தீப்பொறி வரும், அது உலோகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். வண்டி மாசக்கணக்கில் நின்றால் அதன்மேல் ஒரு படலம் வேறு படியும். அந்தக் காலத்தில் நடுரோட்டில் இது நடந்தால் வைத்தியம் ஒன்றுதான். காலில் இருக்கும் ஷூவைக் கழற்றி, குதிகால் பக்கத்தால் பம்ப் மேல் ஒரு தட்டு. பாயிண்ட் அசைந்து சேரும், வண்டி வீடு வந்து சேரும். ஷூ வித்த குடும்பம் ஆரம்பித்த கம்பெனியின் பம்புக்கு ஷூதான் ரிப்பேர் டூல்.

காலி டேங்க்தான் ஆபத்து

பம்ப் சரி, வாடை எங்கிருந்து வந்தது?

பெரியவருக்குப் பார்க்காமலே தெரிந்தது. எம்ஜிபி டேங்க் மேலிருந்துதான் துருப்பிடிக்கும். டேங்க் டிக்கியின் தரைக்கு அடியில் ஒட்டினாற்போல் போல்ட் போட்டு மாட்டியிருக்கும். நடுவில் சின்ன இடைவெளி. சக்கரம் வாரியடிக்கும் சேறும், அங்கே குளிர்காலத்தில் ரோட்டில் போடும் உப்பும் அதில் போய் உட்கார்ந்துவிடும். காயவே காயாது. கீழேயிருந்து பார்த்தால் டேங்க் நன்றாக இருக்கும். மேலே ஊசித் துளைகள். பாதி டேங்க்கோடு ஓட்டின வரைக்கும் பெரிதாகத் தெரியவில்லை. பயத்தில் ஃபுல் போட்டார், பெட்ரோல் துளை வரைக்கும் வந்துவிட்டது.

கராஜ் வெளியே வண்டியைத் தள்ளி, கைப்பம்ப் வைத்துப் பெட்ரோலைக் கேன்களில் வடித்தோம். கடைசியில் வந்தது பழுப்பு நிறம், வார்னிஷ் வாடை, கூடவே துருத்தூள். டேங்க்கை இறக்கி கராஜில் வைத்தோம். அதற்குள் இருட்டிவிட்டது. நான் உதவி பண்ணுகிறேன் பேர்வழி என்று, வயர் போட்ட ஒரு பழைய பல்ப் விளக்கை எடுத்து வந்து பிளக்கில் செருகப் போனேன்.

அந்த வீட்டில் இருந்த ஒரு வருஷத்தில் அவர் என்னைப் பார்த்துக் கத்தியது அந்த ஒரு தடவைதான்.

அப்புறம் டீ போட்டுக் கொடுத்துவிட்டு விளக்கினார். பெட்ரோல் திரவமாக எரிவதில்லை, அதன் ஆவிதான் எரியும். காற்றில் அந்த ஆவி சுமார் 1.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதம் வரை இருந்தால்தான் பற்றும். நிரம்பிய டேங்க்குக்குள் ஆவி அதுக்கும் மேலே, காற்று போதாது. ஆனால் காலி டேங்க்குக்குள் காற்று புகுந்து, கலவை சரியாக அந்த அளவுக்கு வந்து நிற்கும். அதாவது நாம் பாதுகாப்பு என்று நினைக்கிற காலி டேங்க்தான் வெடிக்கும். ஆவி காற்றைவிடக் கனம் வேறு, தரையோடு ஊர்ந்து போகும். பத்தடி தள்ளி ஒரு பிளக்கில் வரும் பொறி போதும்.

சின்ன வயதில் ஒரு ஒர்க்ஷாப்பில், ராத்திரி முழுக்கத் திறந்து வைத்த டேங்க்கில் ஒருத்தர் வெல்டிங் வைத்ததை அவர் பார்த்திருக்கிறார். வாடைகூட இல்லையாம். ஆனால் மடிப்புகளிலும் துருவுக்கு அடியிலும் பெட்ரோல் ஒளிந்திருக்கும். சூடு பட்டதும் மறுபடி ஆவியாகும். அந்த மனிதர் பிழைத்தார், முகம் பழையபடி ஆகவில்லை. அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். யூட்யூப் பார்த்து பழைய பைக் டேங்க்குக்கு வீட்டில் வெல்டிங் வைக்கலாம் என்று யாராவது நினைத்தால், வேண்டாம். நீராவி விட்டுச் சுத்தம் செய்து, உள்ளே இருக்கும் காற்றையே வேறு வாயுவால் மாற்றிவிட்டுச் செய்யும் தொழில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

நாங்கள் ஒட்டுப்போடவில்லை, புது டேங்க் வாங்கினோம். எம்ஜிபிக்கு இன்னும் டேங்க் கிடைக்கிறது. முழு பாடியே 1988-லிருந்து புதிதாகச் செய்து தருகிறார்கள். எஸ்யூ பம்பும் இன்னும் தயாரிப்பில் இருக்கிறது, பாயிண்ட் வைத்ததும் எலக்ட்ரானிக் மாடலும். மாட்டுவதற்கு முன் புது டேங்க்கின் மேல்பக்கத்துக்கு இரண்டு கோட் பெயின்ட் அடித்தார். "இதை அன்னைக்கு ஃபேக்டரியிலேயே செஞ்சிருக்கணும்" என்றார்.

பெட்ரோலே மாறிப்போச்சு

எங்களுக்கு இன்னொரு தலைவலியும் இருந்தது. அதே 2021 செப்டம்பரில்தான் பிரிட்டனில் சாதாரண பெட்ரோல் இ10 ஆனது, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால். பழைய கார்களுக்கு இ5 போடுங்கள் என்று அரசே சொன்னது, அது விலை கூடுதலான சூப்பர் கிரேடில் மட்டும். எத்தனால் தண்ணீரை இழுக்கும். நின்றுகொண்டே இருக்கும் வண்டியில் அந்தத் தண்ணீர் டேங்க்குக்குத் துரு. பழைய ரப்பரையும் அது ஊற வைத்து மிருதுவாக்கிவிடும். 1967-ல் அந்தக் குழாய்களைச் செய்தவர்கள் எத்தனாலை நினைத்தே பார்த்திருக்கமாட்டார்கள். எத்தனாலைத் தாங்கும் புது ஹோஸ் வாங்கி எல்லாவற்றையும் மாற்றினோம்.

நம்ம ஊரிலும் இதே கதைதான். இந்தியாவில் இ20 விற்பனை 2023-ல் தொடங்கி, 2025-ல் 20 சதவீதக் கலப்பை எட்டிவிட்டதாக அரசு அறிவித்தது. எத்தனால் நல்லதா கெட்டதா என்பது இன்னொரு எபிசோடு. ஆனால் வீட்டில் பழைய வண்டி சும்மா நிற்கிறது என்றால், அதன் ரப்பர் ஹோஸை ஒரு தடவை அழுத்திப் பாருங்க. பிசுபிசுப்பு, வெடிப்பு இருந்தால் மாற்றிவிடுங்க. சில நூறு ரூபாயில் முடியும் வேலை.

நின்னுச்சா?

கடைசி நாள். பம்பை அவர் திரும்பக் கோர்த்தார். சவ்வைத் திருகி வைப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. பாயிண்ட் தட்டும் இடம் வரும்வரை திருகி, அங்கிருந்து மேலும் நாலு துளை தள்ளி வைக்கணும், அதாவது முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு. மேனுவலைத் திறக்காமல் செய்தார். ஃபேக்டரி மூடி நாற்பத்தொரு வருஷம், விரலுக்கு மட்டும் மறக்கவில்லை.

சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, அவர் தரையில் படுத்து, உள்ளங்கையைப் பம்ப் மேல் வைத்துக்கொண்டார். நான் திருப்பினேன்.

டிக்டிக்டிக்டிக்... புது டேங்க், காலிக் குழாய், அதனால் படபடவென்று அடித்தது. அப்புறம் இடைவெளி கூடியது. டிக். டிக்.

"நின்னுச்சா?" என்று கீழேயிருந்து கேட்டார். நின்றுவிட்டது என்றேன். தெரியும், கையில் தெரிந்தது என்றார். அப்படியானால் என்னிடம் ஏன் கேட்டார் என்று எனக்கு அப்போது தோணவில்லை.

பழசெல்லாம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பம்ப் அடிக்கடி நின்றது. ஆக்சிடென்டில் குழாய் உடைந்தாலும், சாவி போட்டிருக்கும் வரை பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். இப்போது வரும் கார்களில் மோதலை உணர்ந்தவுடன் பம்ப் நின்றுவிடும், அதனால் உயிர்கள் தப்புது. இன்றைய பம்ப் டேங்க்குக்குள்ளேயே மூழ்கி இருக்கும், 40, 50 பிஎஸ்ஐ கொடுக்கும், வருஷக்கணக்கில் தொந்தரவு கிடையாது. கெட்டால் பிரிக்கமாட்டார்கள், மொத்தமாக மாற்றுவார்கள்.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கு. அந்தப் பழைய பம்ப் தனக்கு என்ன கோளாறு என்று, ஓட்டுகிறவருக்கே சொன்னது. கேட்கத் தெரிந்தால் போதும். இன்றைக்கு அந்தத் தகவல் ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் இருக்கிறது. நமக்கு ஒரு மஞ்சள் விளக்கு மட்டும்.

கேட்கத் தெரிந்தவர்கள் நம்ம வீடுகளிலும் இருக்கிறார்கள். சத்தத்தை வைத்தே மோட்டாரில் தண்ணீர் ஏறுதா இல்லையா என்று சொல்லும் பாட்டி, பஸ் கியர் மாறுவதை வைத்தே கிளட்ச் போச்சு என்று சொல்லும் சித்தப்பா. அதை அவர்கள் எழுதி வைக்கவில்லை. அவர்களுக்குக் காது கேட்கிறபோதே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கோங்க. கேட்டதை எங்களுக்கும் வாய்ஸ் நோட்டா அனுப்புங்க.

அடுத்த எபிசோடில் சந்திக்கலாம்.